குடும்பத்தாருக்குக் கையால் ஸ்வெட்டர் பின்னித் தருவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிட், பர்ல் என்ற அடிப்படைப் பின்னல்கள் இரண்டும் கைக்குப் பழகிவிட்டன, மஃப்ளரும் தொப்பியும் பின்னியாயிற்று, அடுத்து வீட்டில் யாருக்காவது ஒரு ஸ்வெட்டர் பின்னித் தரலாம் என்று நினைப்பவர்களுக்கான பக்கம் இது. அடிப்படைப் பின்னல் பாடம் இதில் இல்லை. பின்னிய ஸ்வெட்டர் பீரோவுக்குள் போய் அடங்கிவிடாமல் அவர் உடம்பில் ஏறுவதற்கு என்னென்ன கவனிக்க வேண்டும் என்பதுதான் பேச்சு. கண்ணி என்று வரும் இடமெல்லாம் ஊசியில் நிற்கும் ஒரு வளையம் என்று கொள்ளுங்கள்.

வீட்டில் ஆளுக்கொன்று பின்ன ஆசை. யாரிடமிருந்து தொடங்குவது?

ஸ்வெட்டர் போடும் பழக்கம் ஏற்கெனவே உள்ளவரிடமிருந்து. குளிர் நாளில் அவர் எதை எடுத்துப் போடுகிறார் என்று கொஞ்ச நாள் கவனித்தாலே தெரிந்துவிடும். எப்போதும் ஜிப் வைத்த ஜாக்கெட்டையே மாட்டிக்கொள்ளும் அண்ணன், நீங்கள் பின்னினீர்கள் என்பதற்காகத் தலைவழியே போடும் கனத்த ஸ்வெட்டருக்கு மாறிவிடப் போவதில்லை. ஒருநாள் போட்டுக் காட்டுவார், போட்டோ எடுத்துக்கொள்வீர்கள், அதோடு சரி. அவருக்குத்தான் பின்ன வேண்டும் என்றால் முன்பக்கம் திறக்கும் கார்டிகனாகப் பின்னி ஜிப் வைத்துக் கொடுங்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. இதுதான் உங்கள் முதல் ஸ்வெட்டர் என்றால் சின்ன உடம்பாகப் பாருங்கள். இரண்டு வயதுக் குழந்தையின் ஸ்வெட்டரிலும் தோள், கை, கழுத்து என்று எல்லா வேலையும் இருக்கிறது. ஆனால் பெரியவர் ஸ்வெட்டருக்கு ஆகும் நூலில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குதான் ஆகும். பிரித்துப் பின்ன நேர்ந்தாலும் மனசு விட்டுப்போகாது.

ஆச்சரியப் பரிசாகக் கொடுக்க வேண்டும். ஆளுக்குத் தெரியாமல் அளவு எப்படி எடுப்பது?

ஆளை அளக்கவே வேண்டாம். அவர் விரும்பிப் போடும் ஒரு உடுப்பை அளந்தால் போதும். உடம்பை அளப்பதைவிட இது நம்பகமானதும்கூட. உடம்பின் அளவு தெரிந்தாலும், அவருக்குத் தொளதொளவென்று இருந்தால் பிடிக்குமா, ஒட்டினாற்போல் இருந்தால் பிடிக்குமா என்பது டேப்புக்குத் தெரியாது. அடிக்கடி போடும் உடுப்புக்கு அது தெரியும்.

எந்த உடுப்பு என்பதில்தான் கவனம் வேண்டும். சட்டையை எடுக்காதீர்கள். சட்டைத் துணி இழுபடாது, அதனால் அதைக் கொஞ்சம் தாராளமாகவே தைத்திருப்பார்கள். பழைய ஸ்வெட்டர் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் கனமான ஸ்வெட்ஷர்ட். அதை மேசை மேல் பரப்பி, சுருக்கம் போக நீவிவிடுங்கள்; இழுக்கக் கூடாது. பட்டன் இருந்தால் போட்டுவிடுங்கள். ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை நேராக அளந்து இரண்டால் பெருக்கினால் மார்புச் சுற்று. பின்கழுத்தின் நடுவிலிருந்து கீழ் விளிம்பு வரை நீளம். கை நீளத்தைப் பின்கழுத்தின் நடுவிலிருந்து தோள் வழியாக மணிக்கட்டு விளிம்பு வரை ஒரே ஓட்டமாக அளங்கள். தோள் தையல் எங்கே விழுகிறது என்பது உடுப்புக்கு உடுப்பு மாறும். ஆனால் இந்த மொத்த நீளம் மாறாது. மேல்கையின் அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பலர் மறப்பது இதைத்தான். மார்பு சரியாக வந்து, கை மட்டும் இறுகிப்போன ஸ்வெட்டரை யாரும் இரண்டாம் முறை போடுவதில்லை.

உடுப்பும் கிடைக்கவில்லை, உடம்பளவு மட்டும் தெரியும் என்றால்?

பெரியவர்களுக்கு மார்புச் சுற்றோடு 5 முதல் 10 செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளே சட்டை போட்டு அதன் மேல் போடுவார் என்றால் 10 முதல் 15. பின்னல் குறிப்புகளைப் பார்க்கும்போது, அதில் போட்டிருப்பது உடம்பின் அளவா, பின்னி முடித்த ஸ்வெட்டரின் அளவா என்று முதலில் படித்துவிடுங்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஒரு முழு சைஸ் தப்பிப்போகும்.

எந்த நூல் வாங்குவது?

அதைத் துவைக்கப் போவது யார் என்ற கேள்விக்கு விடை சொல்லிவிட்டு நூல் கடைக்குள் போங்கள். உங்கள் தங்கை எல்லாத் துணியையும் வாஷிங் மெஷினில் ஒரே சுற்றில் போடுபவளாக இருந்தால், உயர்ந்த ரகக் கம்பளியில் பின்னிய ஸ்வெட்டர் முதல் சலவையிலேயே பொம்மைக்குப் போடும் அளவுக்குச் சுருங்கி வெளியே வரும். கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. சூடு, ஈரம், உரசல் மூன்றும் சேரும்போது அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு துணியைக் கெட்டியாக்கிவிடும். ஒருமுறை அப்படி ஆனதை மீட்க முடியாது. துவைப்பவரைத் திருத்துவதைவிட நூலை மாற்றுவது சுலபம்.

சூப்பர்வாஷ் என்று சீட்டில் போட்டிருக்கும் கம்பளி நூலில் அந்தச் செதில்களை மழுக்கியிருப்பார்கள், அல்லது அதன் மேல் மெல்லிய பூச்சு கொடுத்திருப்பார்கள். மெஷினில் மிதமான சுற்றில் போடலாம். இதிலும் ஒரு சங்கதி உண்டு: நனைந்தால் நீண்டு தொங்கும் குணம் அதற்கு அதிகம். அதனால் அதே நூலில் முதலில் ஒரு சின்ன மாதிரித் துண்டு பின்னி, அதைத் துவைத்துப் பார்க்காமல் இறங்கவே கூடாது.

அக்ரிலிக்கை மட்டமாகப் பேசும் பின்னல்காரர்கள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடில்லை. குழந்தைகள், விடுதியில் தங்கிப் படிப்பவர்கள், கம்பளி பட்டாலே சொறிபவர்கள் இவர்களுக்கெல்லாம் நல்ல அக்ரிலிக்தான் சரி. சூட்டை மட்டும் தாங்காது. இஸ்திரிப் பெட்டி பட்டால் பின்னல் துவண்டு தட்டையாகிவிடும்; பிறகு எழும்பாது. நெருப்புப் பட்டால் உருகும் என்பதால் அடுப்பருகே நின்று வேலை செய்பவருக்குக் கம்பளிதான் மேல்; அது அவ்வளவு எளிதில் தீப்பிடிப்பதில்லை.

பருத்தி நூல் மிருதுவாக இருக்கும், சொறியாது. ஆனால் கனம் அதிகம், மீள்தன்மை குறைவு. முழங்கால் வரை நீளும் கார்டிகனைப் பருத்தியில் பின்னினால் அது தன் கனத்தாலேயே இன்னும் கீழே இறங்கும். அல்பகா என்ற விலங்கின் ரோமத்தில் செய்த நூலுக்கும் ஏறக்குறைய இதே குணம்தான். கதகதப்பு மட்டும் மிக அதிகம். இவற்றைத் தனியாக எடுக்காமல் கம்பளி கலந்ததாக எடுத்தால் வடிவம் நிற்கும்.

அம்மாவுக்குக் கம்பளி என்றாலே அரிக்கும் என்கிறார். அலர்ஜியா?

பெரும்பாலும் இழையின் தடிமன்தான் காரணம். 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடித்த இழைகளின் நுனி தோலில் வளையாமல் குத்தும். 20 மைக்ரானுக்குக் கீழே உள்ள மெல்லிய மெரினோ ஆட்டுக் கம்பளி வளைந்துகொடுக்கும். நூல் உருண்டையை உங்கள் கையில் வைத்துப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள், உள்ளங்கைக்கு எதுவும் குத்தாது. கழுத்தோரத்தில் சற்று நேரம் வைத்துப் பாருங்கள். அம்மாவிடமே ஏதாவது சாக்குச் சொல்லி வைத்துப் பார்க்க முடிந்தால் அதைவிட நல்லது. அப்படியும் அரிக்கிறது என்றால் விவாதம் செய்யாமல் கம்பளி இல்லாத நூலுக்குப் போய்விடுங்கள்.

எவ்வளவு நூல் தேவைப்படும்?

கிராமில் கணக்குப் போடாதீர்கள், மீட்டரில் போடுங்கள். ஒரே 50 கிராம் உருண்டையில் ஒரு நூல் 100 மீட்டர் இருக்கும், இன்னொன்று 200 மீட்டர் இருக்கும். 4 மி.மீ. ஊசிக்கு ஏற்ற டிகே என்ற நடுத்தரத் தடிமன் ரக நூலில், வேலைப்பாடு இல்லாத ஸ்வெட்டருக்கு உத்தேசமாக இப்படி ஆகும்: கைக்குழந்தைக்கு 300 மீட்டர், ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கு 500 முதல் 700, நடுத்தர உடம்புள்ள பெரியவருக்கு 1,100 முதல் 1,400, பெரிய உடம்புக்கு 1,500க்கு மேல். முறுக்கிய கயிறுபோல் தெரியும் கேபிள் பின்னல் போட்டால் கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். கண்ணிகள் ஒன்றன் மேல் ஒன்று குறுக்கே போவதால் துணி ஒடுங்கும், நூல் குடிக்கும்.

மொத்தத்தையும் ஒரே தடவையில் வாங்குங்கள். சீட்டில் நிறத்தின் எண்ணோடு சாயத்தொட்டியின் எண்ணும் இருக்கும். எல்லா உருண்டையிலும் அது ஒன்றாக இருக்க வேண்டும். அப்புறம் வாங்கினால் அதே நிறம் ஒரு சாயல் தள்ளி நிற்கும். கடையின் விளக்கில் தெரியாது. வெயிலில் நெஞ்சுக்குக் குறுக்கே கோடு போட்டதுபோல் தெரியும். வேறு வழியில்லாமல் வேறு தொட்டி நூல் வந்துவிட்டால், பழைய உருண்டையிலிருந்து இரண்டு வரிசை, புதிய உருண்டையிலிருந்து இரண்டு வரிசை என்று மாற்றி மாற்றிக் கொஞ்ச தூரம் பின்னிக் கலந்துவிடுங்கள்.

மாதிரித் துண்டு பின்னாமல் நேராகத் தொடங்கினால் என்ன?

ஒரு கணக்குப் பார்ப்போம். குறிப்பில் 10 செ.மீ.க்கு 22 கண்ணி என்று இருக்கிறது, 100 செ.மீ. சுற்றுக்கு 220 கண்ணி ஏற்றச் சொல்கிறது. உங்கள் கை கொஞ்சம் தளர்வு, 10 செ.மீ.க்கு 20தான் வருகிறது. அதே 220 கண்ணி 110 செ.மீ. ஆகிவிடும். கை இறுக்கமாக இருந்து 24 வந்தால் 92 செ.மீ.கூட வராது. இரண்டே கண்ணி வித்தியாசத்தில் அப்பாவின் ஸ்வெட்டர் தம்பிக்குப் போய்விடும்.

15 செ.மீ. அகலத்துக்குக் குறையாமல் ஒரு சதுரம் பின்னுங்கள். ஸ்வெட்டரை எப்படித் துவைப்பார்களோ அப்படியே துவைத்து, காய வைத்து, நடுப்பகுதியில் 10 செ.மீ.க்குள் எண்ணுங்கள். ஓரக் கண்ணிகள் எப்போதும் கோணிக்கொண்டுதான் நிற்கும், அவற்றைச் சேர்க்காதீர்கள். அரைக் கண்ணி இருந்தால் அதையும் எண்ண வேண்டும். கண்ணி குறைவாக வந்தால் ஊசியைச் சின்னதாக்குங்கள், கூடுதலாக வந்தால் பெரிதாக்குங்கள். இறுக்கிப் பிடித்தோ தளர்த்தியோ பின்னி எண்ணிக்கையை வரவழைக்காதீர்கள். டிவி பார்த்துக்கொண்டு பின்னும்போது கை பழைய குணத்துக்குத் திரும்பிவிடும். ஸ்வெட்டரை வட்ட ஊசியில் சுற்றிச் சுற்றிப் பின்னப் போகிறீர்கள் என்றால் மாதிரியையும் சுற்றியே பின்னிப் பாருங்கள். பலருக்கு நிட் வரிசையும் பர்ல் வரிசையும் ஒரே இறுக்கத்தில் வருவதில்லை.

முதல் ஸ்வெட்டருக்கு எந்த அமைப்பு சுலபம்?

கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் பின்னும் ராக்லன். கழுத்தில் தொடங்கி, நான்கு சாய்கோடுகளில் கண்ணி கூட்டிக்கொண்டே இறங்கி, அக்குள் வந்ததும் கைகளுக்கான கண்ணிகளைத் தனியே நூலில் கோத்து ஒதுக்கிவிட்டு உடம்பைப் பின்னுவீர்கள். பிறகு கைகள். தைக்க வேண்டிய வேலை கிட்டத்தட்ட இல்லை. பரிசுக்கு இதில் இன்னொரு வசதி: உடம்பும் கையும் கீழ் நுனியில் முடிகின்றன. கொடுத்த பிறகு நீளம் போதவில்லை என்றால் நுனியைப் பிரித்து இன்னும் நாலு விரற்கடை பின்னிக் கொடுத்துவிடலாம்.

குறிப்பு எதுவும் இல்லாமல் சொந்தமாகக் கணக்குப் போட விரும்பினால், எலிசபெத் சிம்மர்மன் வகுத்த விகித முறை கைகொடுக்கும். 1910 முதல் 1999 வரை வாழ்ந்தவர். இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவில் பின்னல் கற்றுக்கொடுத்தவர். உடம்புச் சுற்றின் கண்ணி எண்ணிக்கையை 100 விழுக்காடாக வைத்து மற்ற எல்லாவற்றையும் அதன் பங்காகச் சொல்லிவிட்டார். உடம்புக்கு 200 கண்ணி என்றால் மணிக்கட்டுக்கு 20 விழுக்காடு, அதாவது 40 கண்ணி. மேல்கைக்கு 33 விழுக்காடு, 66. ஒவ்வொரு அக்குளிலும் ஒதுக்குவது 8 விழுக்காடு, 16. கழுத்துக்கு 40 விழுக்காடு, 80. நூல் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் விகிதம் மாறாது. தடித்த புஜம் உள்ளவருக்கு 33ஐ 35 அல்லது அதற்கு மேல் ஆக்கிக்கொள்ளலாம்.

கைக்குழந்தைக்குப் பின்னும்போது என்ன கவனிக்க வேண்டும்?

தலை. கைக்குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது. கழுத்து சின்னதாக இருந்தால் ஒவ்வொரு முறை போடும்போதும் குழந்தை வீரிட்டு அழும், பெற்றோர் அந்த ஸ்வெட்டரை ஓரங்கட்டிவிடுவார்கள். தோளில் திறந்து பட்டன் போடுவது, அல்லது முழுக்க முன்னால் திறக்கும் கார்டிகன், இரண்டில் ஒன்று இருக்கட்டும்.

பிறந்த குழந்தையின் அளவுக்குப் பின்னாதீர்கள். ஊசியிலிருந்து இறங்குவதற்குள் குழந்தை வளர்ந்திருக்கும். ஆறு மாதம் முதல் ஒரு வயது வரைக்கான அளவாக எடுத்து, அந்த வயதில் குளிர்காலம் வருமா என்று மாதத்தையும் எண்ணிப் பாருங்கள். பிள்ளைகள் அகலத்தைவிட நீளத்தில்தான் வேகமாக வளர்வார்கள் என்பதால், கை நுனியில் நிட்டும் பர்லும் மாறி மாறி வரும் ரிப் பட்டியை நீளமாக வைத்து மடித்துவிட்டால் இரண்டு குளிர்காலம் ஓடும்.

கழுத்தில் நாடா, கயிறு, குஞ்சம் கட்டும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். கழுத்தை இறுக்கும் ஆபத்து இருப்பதால் சிறுபிள்ளைகளின் உடுப்பில் அவற்றைப் பல நாடுகளின் பாதுகாப்பு விதிகள் தடுக்கின்றன. பட்டன்கள் கழன்று வாய்க்குள் போகும், ஆகவே உறுதியான தையல் நூலால் பலமுறை கோத்துத் தையுங்கள். மொஹேர் (அங்கோரா ஆட்டு ரோம நூல்) மாதிரி பூஞ்சு உதிரும் நூலும் வேண்டாம். பல நிறப் பூவேலை போட்டால் உள்பக்கம் நீள நீளமாக நூல் ஓடும், குட்டி விரல்கள் அதில் மாட்டிக்கொள்ளும்; நாலைந்து கண்ணிக்கு ஒருமுறை அந்த நூலைப் பின்னலோடு சேர்த்துப் பிடித்துவிடுங்கள்.

தாத்தா, பாட்டிக்கு?

இங்கேதான் கையால் பின்னுவதன் முழுப் பயனும் தெரியும். கடையில் வாங்கும் ஸ்வெட்டர் நேராக நிமிர்ந்து நிற்கும் உடம்புக்காகச் செய்தது. முதுகு கூனிய பாட்டிக்கு அது பின்னால் தூக்கிக்கொண்டு இடுப்பில் குளிர் ஏறும், முன்னால் தொங்கும். நீங்கள் பின்பக்கத்தை மட்டும் நீளமாக்க முடியும். கழுத்துக்குக் கீழே, முழு வரிசையும் போகாமல் பாதியில் திரும்பி வரும் குறுவரிசைகள் சில சேர்த்தால் முதுகின் வளைவுக்கு இடம் கிடைக்கும். நாள் முழுக்க நாற்காலியிலோ சக்கர நாற்காலியிலோ உட்கார்ந்திருப்பவர் என்றால் முன்பக்கத்தைக் கொஞ்சம் குட்டையாக வையுங்கள். மடியில் மூட்டையாகச் சேராது.

தோள் வலி உள்ளவருக்குத் தலைவழியே போடும் ஸ்வெட்டர் தண்டனை. கார்டிகன்தான், அதுவும் அக்குள் தாராளமாக. பட்டன் பெரியதாக, தட்டையாக இல்லாமல் விளிம்பு தடித்ததாக இருந்தால் விரல் நடுங்கினாலும் பிடிபடும். பட்டன் துளையைத் தளர்வாக விடுங்கள். இரண்டு பை வையுங்கள், கைக்குட்டையும் கண்ணாடியும் எங்கேயாவது போக வேண்டுமே. அப்புறம் கனம்: தடித்த நூலில் பின்னிய ஸ்வெட்டர் ஒரு கிலோவை நெருங்கும், மெலிந்த தோளுக்கு அது பாரம். மெல்லிய நூலில் பின்னுங்கள். நாள் கூடுதலாகும், பரவாயில்லை.

பதின்வயதுப் பெண்ணுக்கு ஆச்சரியமாக ஒன்று பின்னலாமா?

வேண்டாம். நூல் கடைக்கு அவளையும் கூட்டிப் போங்கள்.

கணவருக்கோ காதலருக்கோ ஸ்வெட்டர் பின்னினால் உறவு முறிந்துவிடும் என்கிறார்களே?

மேலை நாட்டுப் பின்னல்காரர்களிடையே ஸ்வெட்டர் சாபம் என்று ஒரு பேச்சு உண்டு. நம்பிக்கை சாபத்தில் இல்லையென்றாலும் அதில் ஒரு நடைமுறை உண்மை இருக்கிறது. பல மாதம் உழைத்துப் பின்னுபவர் அதே அளவு உற்சாகத்தை எதிர்பார்ப்பார். வாங்குபவர் "நல்லா இருக்கு" என்று மடித்து வைப்பார். சண்டை அங்கே தொடங்கும். பழகிச் சில மாதமே ஆனவருக்கு ஒரு தொப்பி போதும்.

ஒரு ஸ்வெட்டருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? விசேஷ நாளுக்குள் முடியுமா?

டிகே நூலில் பெரியவர் ஸ்வெட்டர் என்றால் உடம்பும் கைகளும் சேர்த்து 50,000 கண்ணிக்குக் குறையாது. நிமிடத்துக்கு 25 கண்ணி என்ற நிதானமான வேகத்தில் 2,000 நிமிடம், அதாவது 33 மணி நேரத்துக்குமேல். இது ஊசி ஓடும் நேரம் மட்டும். மாதிரித் துண்டு, எண்ணிப் பார்ப்பது, பிரிப்பது, நுனிகளைச் செருகுவது, துவைத்துக் காய வைப்பது எல்லாம் தனி. தினம் ஒரு மணி நேரம் கிடைத்தால் இரண்டு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப் பார்த்தால், ஒரே விசேஷத்துக்கு நாலு பேருக்கும் ஸ்வெட்டர் என்பது எட்டு மாதத் திட்டம். வருஷத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துவிட்டால் வீட்டில் மனத்தாங்கலும் வராது, உங்கள் மணிக்கட்டும் தப்பிக்கும்.

நாள் நெருங்கியும் முடியவில்லை என்றால், ராத்திரி கண் விழித்துப் பின்னாதீர்கள். தூக்கக் கலக்கத்தில் பின்னியதைக் காலையில் பிரிக்க வேண்டியிருக்கும். ஊசியோடு அப்படியே பெட்டியில் வைத்துக் கொடுங்கள். அவர் உடம்பில் வைத்துப் பார்த்து நீளத்தைத் திருத்தவும் வாய்ப்புக் கிடைக்கிறது.

இரண்டு கையும் ஒரே நீளத்தில் வருவதில்லையே?

டேப்பை விட்டுவிட்டு வரிசையை எண்ணுங்கள். பின்னல் இழுபடும், எண்ணிக்கை இழுபடாது. அல்லது நீளமான வட்ட ஊசியில் இரண்டு கைகளையும் பக்கம் பக்கமாக ஏற்றி, இரண்டு உருண்டை நூலால் சேர்த்தே பின்னிவிடுங்கள். ஒரு கை முடித்ததும் இரண்டாவது கைமேல் வரும் சலிப்பும் இதனால் போய்விடும்.

பாதி தூரம் போன பிறகு கீழே ஒரு தவறு தெரிகிறது. பிரிக்க வேண்டுமா?

எந்தத் தவறு என்பதைப் பொறுத்தது. ஒரு கண்ணி நழுவியிருந்தால் அதைக் கட்டாயம் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஏணிபோல் கீழே ஓடிக்கொண்டே இருக்கும். குரோஷா ஊசியால் ஒவ்வொரு வரிசையாக ஏற்றி மேலே கொண்டுவரலாம், முழுக்கப் பிரிக்கத் தேவையில்லை. நிட் வர வேண்டிய இடத்தில் ஒரு பர்ல் வந்திருந்தால், அந்த ஒரு கண்ணியை மட்டும் மேலிருந்து இறக்கித் திருப்பிவிடலாம். நெஞ்சின் நடுவில் கேபிள் தவறான பக்கம் திரும்பியிருந்தால் பிரிப்பதே நல்லது; கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் தெரியும். அக்குளருகே, முதுகோரத்தில் என்றால் விட்டுவிடுங்கள். ஸ்வெட்டரை வாங்குபவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கப் போவதில்லை. நீங்களாக அதைச் சுட்டிக்காட்டவும் வேண்டாம்.

சிக்கலான பின்னல் என்றால் ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் வேறு நிற மெல்லிய நூலை அந்த வரிசையின் எல்லாக் கண்ணிகள் வழியாகவும் கோத்து விடுங்கள். பிரிக்க நேர்ந்தால் அந்த இடத்தில் வந்து நிற்கும்.

பின்னி முடித்ததும் அப்படியே மடித்துக் கொடுத்துவிடலாமா?

கொடுக்கலாம், ஆனால் கசங்கினாற்போல் இருக்கும். கம்பளியாக இருந்தால் வெதுவெதுப்பும் இல்லாத சாதாரணத் தண்ணீரில், கம்பளிக்கான சோப்புத் திரவம் சில துளி விட்டு, 20 நிமிடம் அமிழ்த்தி வையுங்கள். கசக்கவோ முறுக்கவோ வேண்டாம். தூக்கும்போது இரண்டு கையாலும் அடியிலிருந்து ஏந்தித் தூக்குங்கள். தோளைப் பிடித்துத் தூக்கினால் தண்ணீரின் கனமே அதை நீட்டிவிடும். பெரிய துண்டில் பரப்பிச் சுருட்டி மேலே ஏறி மிதித்தால் ஈரம் இறங்கிவிடும். பிறகு உலர்ந்த துண்டின் மேல் வைத்து, நீங்கள் குறித்து வைத்த அளவுகளுக்குக் கையால் தட்டிச் சரிசெய்து, நிழலில் காய விடுங்கள். கோணலாக நின்ற கண்ணிகள் பாதிக்கு மேல் தாமாகவே அடங்கிவிடும். கொடியில் மட்டும் தொங்கவிடாதீர்கள்.

பெட்டியில் ஸ்வெட்டரோடு வேறு என்ன வைக்கலாம்?

நூலின் சீட்டு, எப்படித் துவைப்பது என்று உங்கள் கையெழுத்தில் இரண்டு வரி, மீந்த நூலில் சின்ன உருண்டை, ஒரு உபரிப் பட்டன். முழங்கை தேய்ந்தால் அந்த நூல்தான் காப்பாற்றும். எத்தனை மணி நேரம் ஆயிற்று என்ற கணக்கை மட்டும் எழுதி வைக்காதீர்கள். போடாவிட்டால் குற்றம் என்ற பயத்தை அது கிளப்பும்.

அந்துப்பூச்சி அரிக்காமல் வைப்பது எப்படி?

துளை போடுவது பறக்கும் பூச்சி அல்ல, அதன் புழு. கம்பளியில் உள்ள கெரட்டினைத் தின்று வளரும். வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறிய இடம் அதற்கு மிகவும் பிடிக்கும். குளிர்காலம் முடிந்ததும் துவைத்து, நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத பையில் மூடி வையுங்கள். ஏற்கெனவே துளை தெரிந்தால், பையோடு மைனஸ் 18 டிகிரி ஃப்ரீஸரில் இரண்டு வாரம் போட்டு எடுங்கள். குழந்தை உடுப்பில் நாப்தலீன் உருண்டை போடவே போடாதீர்கள், அந்த ஆவி சில குழந்தைகளின் ரத்தத்தைப் பாதிக்கும். முழு அக்ரிலிக்கை அந்துப்புழு தேடி வருவதில்லை.

பாட்டி பின்னிய பழைய ஸ்வெட்டர் ஒன்று கிழிந்து கிடக்கிறது. பிரித்துக் குழந்தைக்குப் பின்ன முடியுமா?

கையால் பின்னியது என்றால் பெரும்பாலும் முடியும். கெட்டிப்பட்டுச் சுருங்கியிருந்தால் முடியாது, நூல் பிரிந்து வராது. கடையில் வாங்கியதானால் உள்தையலைப் புரட்டிப் பாருங்கள்: துணியை வெட்டி விளிம்பில் ஓவர்லாக் மெஷின் தையல் அடித்திருந்தால் ஒவ்வொரு வரிசையும் தனித்தனித் துண்டாகத்தான் வரும், விட்டுவிடுங்கள். கையால் பின்னியதில் தையல்களை முதலில் அவிழ்த்து, பின்னி முடித்த முனையைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து பிரித்துக்கொண்டே நாற்காலியின் முதுகில் சுற்றுங்கள். நாலு இடத்தில் தளர்வாக முடிந்து, தண்ணீரில் நனைத்துத் தொங்கவிட்டால் நூலின் சுருள் நிமிரும். முழங்கைப் பகுதி நூல் நைந்திருக்கும், அதைக் கழித்துவிடுங்கள்.

கஷ்டப்பட்டுப் பின்னிக் கொடுத்தேன். போடவே இல்லை. என்ன செய்வது?

கேட்டுவிடுங்கள், ஆனால் "ஏன் போடவில்லை" என்று கேட்காதீர்கள். "கழுத்து குத்துகிறதா, கை நீளமா, சூடு அதிகமா, எதை மாற்றட்டும்?" என்று கேட்டால் உண்மை வரும். இவற்றில் முக்கால்வாசி சரிசெய்யக் கூடியவை. கழுத்துப்பட்டியைப் பிரித்து மிருதுவான நூலில் மறுபடி பின்னலாம், கையைக் குறைக்கலாம், தலைவழிப் போடும் ஸ்வெட்டரை நடுவில் தையல் போட்டு வெட்டிக் கார்டிகனாகவே ஆக்கிவிடலாம். நிறம் பிடிக்கவில்லை என்றால் வேறு யாருக்காவது கொடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அடுத்த தடவை அவருக்கு வேறு பரிசு வாங்குங்கள்.

ஒருவருக்குப் பின்னியதைப் பார்த்து உறவினர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். மறுக்கவும் முடியவில்லை.

நூல் நீங்களே வாங்கி வாருங்கள், அளவெடுத்து மாதிரித் துண்டு பின்னும் நாளில் வந்து பக்கத்தில் உட்காருங்கள் என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் அங்கேயே கழன்றுகொள்வார்கள். உண்மையிலேயே நூலோடு வந்து நிற்பவருக்கு ஒரு ஜோடி ஊசியையும் கையில் கொடுத்து, முதல் பத்து வரிசையை அவரையே பின்னச் சொல்லுங்கள்.